வெப்ப இயந்திரத்தைக் கடைசியில்தான் தேர்ந்தெடுத்தோம்: ஊட்டிக் கல் வீடு ஒன்றின் வெப்பத் திட்டம்

ஊட்டி பெர்ன்ஹில் பக்கம் சரிவில் நிற்கும் பழைய கல் வீடு அது. ஒரே தளம், சுமார் 1,300 சதுர அடி. ஒன்றரை அடி கனத்தில் கல் சுவர், மேலே தகரக் கூரை, அதன் அடியில் பலகை சீலிங். தரையும் பலகைதான், அதற்குக் கீழே காற்றோட்டத்துக்காக விட்ட வெற்றிடம் உண்டு. கூடத்தில் ஒன்றும் பெரிய படுக்கை அறையில் ஒன்றுமாக இரண்டு கணப்புகள். பணி ஓய்வு பெற்ற தம்பதி இந்த வீட்டை வாங்கி, வயரிங், குளியலறை, தரை என்று எல்லாவற்றையும் புதிதாகச் செய்துகொண்டிருந்தார்கள். குளிருக்கும் நிரந்தரமாக ஒரு வழி வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் போவதற்குள் சமவெளியிலிருந்து ஒரு டீலர் விலைப்பட்டியல் கொடுத்திருந்தார். தண்ணீரைச் சூடாக்க 24 கிலோவாட் கேஸ் பாய்லர் ஒன்று, அந்தத் தண்ணீர் உள்ளே ஓடி அறைகளைச் சூடாக்க ஒன்பது ரேடியேட்டர்கள், அறை வெப்பத்தைப் பார்த்து எல்லாவற்றையும் ஓட்டி நிறுத்தக் கூடத்துச் சுவரில் ஒரு தெர்மோஸ்டாட். அவ்வளவுதான். வீட்டுக்கார சார் அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "24 போதுமா, இல்லை இன்னும் பெரிசா போடணுமா தம்பி?" என்றார். வீட்டுக்கார அம்மாவின் கேள்வி வேறு. அவருக்கு மூட்டு வலி. "காலையில நான் எழுந்திரிக்கிறப்போ படுக்கை ரூம் வெதுவெதுன்னு இருக்குமா? கூடத்துல விறகு எரிஞ்சுக்கிட்டிருந்தாலும் இருக்குமா?" திட்டத்துக்கு எனக்கு வேண்டியிருந்தது அந்த இரண்டாவது கேள்விதான். யார், எந்த அறையில், எந்த நேரத்தில், எவ்வளவு வெப்பத்தில் இருக்க வேண்டும் என்பது தெரியாமல் பாய்லரின் அளவைச் சொல்ல முடியாது. டீலரின் பட்டியலில் அதற்குப் பதில் சொல்ல ஒரு வரிகூட இல்லை.

24 கிலோவாட் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையில் பல பட்டியல்களில் இதே எண் வருகிறது. குழாயைத் திறந்ததும் ஷவருக்கு வெந்நீர் கொடுக்கும் ஐரோப்பிய வகை காம்பி பாய்லர்களின் வழக்கமான அளவு அது. ஓடும் தண்ணீரை அந்த நொடியே சூடாக்கத்தான் அவ்வளவு சக்தி. வீட்டை வெதுவெதுப்பாக வைக்க அதில் சிறு பங்கே போதும்.

வீட்டின் தேவையை எண்ணிப் பார்த்தோம். உள்ளே 19 டிகிரி, வெளியே 2 டிகிரி என்று வைத்துக்கொண்டோம். உறைபனி நாட்களில் புல் தரை பூஜ்யத்துக்குக் கீழே போனாலும், சரிவில் உள்ள வீட்டைச் சுற்றிய காற்று அவ்வளவு இறங்காது. காந்தல், தலைகுந்தா போன்ற தாழ்வான இடங்களில் குளிர்காற்று வந்து தேங்கும். அங்கே வீடென்றால் பூஜ்யத்தையோ அதற்கும் கீழேயோதான் எடுத்திருப்பேன். புதுப்பிக்கும் முன் அந்த வீடு ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் இழந்த வெப்பம் இது: கல் சுவர் வழியாக 264 வாட், கூரை வழியாக 276, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்கள் வழியாக 90, தரை வழியாக 72, சந்துகளிலும் புகைபோக்கிகளிலும் புகுந்து வெளியேறும் காற்றால் சுமார் 140. மொத்தம் 842. 17 டிகிரி வித்தியாசத்துக்குப் பெருக்கினால் 14.3 கிலோவாட்.

காற்றுக் கணக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான். காற்று மெலிசாக இருப்பதால் அதைச் சூடாக்கவும் குறைந்த வெப்பமே போதும். பாடப்புத்தக எண்ணை அப்படியே எடுத்திருந்தால் அந்த 140 என்பது 180ஐ ஒட்டி வந்திருக்கும்.

சுவரைவிடக் கூரை அதிகம் இழக்கிறது என்பதைப் பார்த்ததும் வேலை எங்கே தொடங்க வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. சீலிங் பலகைக்கு மேல் வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் கனிமக் கம்பளியை (மினரல் வூல்) 100 மில்லிமீட்டர் கனத்தில் விரித்தோம். கூரை இழப்பு 276லிருந்து 46க்கு இறங்கியது. ஜன்னல்களின் தேக்குச் சட்டத்தைத் தொடாமல் உட்புறம் இரண்டாவது கண்ணாடிச் சட்டம் பொருத்தினோம். பயன்படுத்தாத புகைபோக்கியை ஈரம் தேங்காதபடி சிறு துவாரம் விட்டு மூடினோம். சுவரைத் தொடவில்லை. பலகைத் தரையின் கீழுள்ள காற்றுத் துவாரங்களை அடைக்க மேஸ்திரி ஆசைப்பட்டார், விடவில்லை. அடைத்தால் நான்கைந்து மழைக்காலத்தில் உத்தரங்கள் உளுத்துப்போகும். இவ்வளவுக்கும் பிறகு தேவை 8.5 கிலோவாட். அதுவும் வருடத்தின் மிகக் குளிர்ந்த விடியலில், வீடு முழுவதையும் சூடாக்கினால்தான். வெளியே 12 டிகிரி இருக்கும் சாதாரண மாலையில் மூன்றரை கிலோவாட் போதும். அந்த மாலையில் 24 கிலோவாட் பாய்லர் எரிந்து, அணைந்து, மறுபடி எரிந்து, அணைந்துகொண்டே இருக்கும். கேஸும் வீண், இயந்திரத்துக்கும் தேய்மானம்.

எரிபொருள் கணக்கு

சாதாரண குளிர்கால நாளில், பயன்படும் அறைகளை மட்டும் சூடாக்கினால் 35 யூனிட் (கிலோவாட்-மணி) அளவு வெப்பம் வேண்டும் என்று வந்தது.

கேஸைப் பார்த்தோம். வீட்டுச் சமையல் சிலிண்டரை இதற்கு எடுக்கக் கூடாது. 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான் வழி. ஒரு கிலோ எல்பிஜியில் ஏறத்தாழ 12.8 யூனிட் வெப்பம் இருக்கிறது. 90 சதவீதத் திறன் என்றால் ஒரு நாளைக்கு மூன்று கிலோ. சிலிண்டர் ஆறு நாள் வரும். சிலிண்டர் 1,800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 280 ரூபாய்க்கு மேல். அதோடு நம் எல்பிஜியில் பியூட்டேன் கலந்திருக்கிறது. பியூட்டேன் பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் ஆவியாகாது. வெப்பம் அதிகம் வேண்டிய விடியற்காலையில்தான் வெளியே வைத்த சிலிண்டர் மந்தமாகும். குளிர்காலக் காலையில் கேஸ் அடுப்பு மங்கலாக எரிவதை ஊட்டிக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

கண்டென்சிங் பாய்லர் என்றால் கூடுதல் திறன் தானாகக் கிடைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். புகையில் உள்ள நீராவி பாய்லருக்குள்ளேயே நீராகக் குளிர்ந்தால்தான் அந்தத் திறன் வரும். கடல் மட்டத்தில் எல்பிஜி புகைக்கு அந்த எல்லை 53 டிகிரியை ஒட்டி இருக்கும். ஊட்டியின் அழுத்தத்தில் அது 48க்கு அருகில் இறங்கிவிடுகிறது. அதாவது ரேடியேட்டரைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் 48க்கும் கீழே இருந்தாக வேண்டும். டீலரின் பட்டியலில் சிறிய ரேடியேட்டர்கள், 75 டிகிரி தண்ணீர். திரும்பி வருவது 65 இருக்கும். கண்டென்சிங் பாய்லருக்கு விலை கொடுத்துவிட்டுச் சாதாரண பாய்லராகவே ஓட்டியிருப்பார்கள்.

மின்சார பாய்லர் எளிது, பராமரிப்பு இல்லை. ஆனால் 35 யூனிட் வெப்பத்துக்கு 35 யூனிட் மின்சாரம். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டியதும் கட்டணப் படிகள் செங்குத்தாக ஏறும். உச்சப் படி யூனிட்டுக்கு 11 ரூபாயைத் தாண்டுகிறது. காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்கும் ஹீட் பம்ப் அதே வெப்பத்தை 12 யூனிட் அளவில் கொடுக்கும். யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று கணக்கிட்டாலும் நாளுக்கு 120 ரூபாய்தான். அதனால் ஹீட் பம்பைத் தேர்ந்தெடுத்தோம்.

இரண்டு விஷயங்களில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். பெட்டியில் ஒட்டியிருக்கும் கிலோவாட் பெரும்பாலும் வெளியே 7 டிகிரி, தண்ணீர் 35 டிகிரி என்ற சுலபமான நிலைக்கானது. நமக்கு வேண்டியது வெளியே 2, தண்ணீர் 45 என்ற நிலையில் அது என்ன கொடுக்கும் என்பது. அந்த அட்டவணையைக் கேட்டு வாங்கினோம். இன்னொன்று உயரம். பெரும்பாலான மின்சாதனங்கள் 2,000 மீட்டர் வரைதான் என்று எழுதித் தரப்படுகின்றன. குன்னூர் அந்தக் கோட்டுக்குக் கீழே, ஊட்டி மேலே. கொடைக்கானலிலும் பல வீடுகள் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் நிற்கின்றன. 2,240 மீட்டரில் உத்தரவாதம் செல்லும் என்று தயாரிப்பாளர் எழுத்தில் கொடுத்த பிறகுதான் முன்பணம் கட்டச் சொன்னேன்.

ரேடியேட்டர்களும் மாறின. விற்பனைப் புத்தகத்தில் இருக்கும் வாட் அளவு 75 டிகிரி தண்ணீருக்கானது. 45 டிகிரி தண்ணீரில் அதே ரேடியேட்டர் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே கொடுக்கும். அதனால் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, ஜன்னலுக்குக் கீழே வைத்தோம். பலகைத் தரைக்கு அடியில் போகும் குழாய் முழுவதுக்கும் கனமான உறை போட்டோம். அந்த வெற்றிடத்தில் இரவெல்லாம் குளிர்காற்று ஓடுகிறது. உறை இல்லாத குழாய் அங்கேயே நிறைய வெப்பத்தைக் கொட்டிவிடும்.

கணப்புக்குப் பின்னால் ஒரு தண்ணீர்ப் பெட்டி வைத்து அதையும் ரேடியேட்டரோடு இணைக்க வேண்டும் என்பது சாரின் ஆசை. சீகை மர (வாட்டில்) விறகு மலிவாகக் கிடைக்கிறது என்றார். நான் வேண்டாம் என்றேன். விறகு நெருப்பை ஸ்விட்ச் போட்டு அணைக்க முடியாது; கரண்ட் போய் பம்ப் நின்றால் பெட்டித் தண்ணீர் கொதிக்கும். ஊட்டியில் தண்ணீர் 92 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், 95ல் நிறுத்தும் கட்டுப்பாடு இங்கே காப்பாற்றாது. திறந்த தொட்டி, வெப்பத்தை வெளியேற்றத் தனி ரேடியேட்டர், இன்வெர்ட்டர் என்று எல்லாம் சேர்த்தால் அதுவே தனி வேலை. அதற்குப் பதிலாகக் கூடத்துக் கணப்புக்குள் கதவு வைத்த இரும்பு ஸ்டவ் ஒன்றைப் பொருத்தினோம். திறந்த கணப்பில் பெரும்பங்கு வெப்பம் புகைபோக்கி வழியே போய்விடும். கதவுள்ள ஸ்டவ்வில் பெரும்பங்கு அறைக்குள் நிற்கும். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போகும் நாட்களுக்கு அது போதும். கூடவே கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் மாட்டினோம். மூடிய அறையில் கரி நெருப்பு வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்திகளை மலையில் இருப்பவர்கள் மறக்கக் கூடாது.

கட்டுப்பாடுகள்

இந்த வீட்டில் நான் அதிக நேரம் செலவிட்டது இங்கேதான்.

கூடத்தில் ஒரே தெர்மோஸ்டாட் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? மாலை ஆறு மணிக்கு சார் கணப்பை மூட்டுவார். கூடம் அரை மணியில் 20 டிகிரியைத் தொடும். தெர்மோஸ்டாட் மொத்த வீட்டுக்கும் வெப்பத்தை நிறுத்திவிடும். பத்து மணிக்கு அம்மா படுக்கப் போகும்போது படுக்கை அறை 13 டிகிரியில் இருக்கும். அவர் கேட்ட இரண்டாவது கேள்வி துல்லியமாக இதைப் பற்றியதுதான்.

வீட்டை மூன்று மண்டலங்களாகப் பிரித்தோம்: கூடமும் சாப்பாட்டு அறையும் ஒன்று, படுக்கை அறைகள் ஒன்று, மகன் வரும்போது தங்கும் அறை ஒன்று. குளிக்கும் வெந்நீருக்குத் தனி வழி. ஒவ்வொன்றுக்கும் மோட்டார் வால்வு, சொந்த தெர்மோஸ்டாட், சொந்த நேரம். எந்த மண்டலமும் வெப்பம் கேட்காதபோது ஹீட் பம்பும் சுழற்சிப் பம்பும் சேர்ந்தே நிற்கும்படி இணைத்தோம். இந்த இணைப்பு இல்லாத வீடுகளில் மூடிய வால்வுகளுக்கு எதிராக இயந்திரம் இரவெல்லாம் சும்மா ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். தெர்மோஸ்டாட் இருக்கும் அறையின் ரேடியேட்டரில் தானியங்கி வால்வு போடவில்லை. போட்டால் இரண்டும் ஒன்றையொன்று ஏமாற்றும்: வால்வு மூடிக்கொள்ளும், தெர்மோஸ்டாட் இன்னும் குளிர் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். மற்ற அறைகளில் போட்டோம்.

தெர்மோஸ்டாட் எங்கே என்பதற்கு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தோம். கல்லின் குளிர் தொடும் வெளிச்சுவர் கூடாது, மாலை வெயில் நேராக விழும் இடம் கூடாது, கணப்பைப் பார்த்த சுவரும் கூடாது. கடைசியில் உட்சுவரில், கதவின் காற்று படாத பக்கம், நெஞ்சுயரத்தில் வைத்தோம். வயர்லெஸ் வகை வேண்டாம் என்று தொடக்கத்திலேயே முடிவு. ஒன்றரை அடிக் கல்லைத் தாண்டி சிக்னல் நம்பகமாகப் போகாது. சுவர் பூசுவதற்கு முன்பே வயருக்கான குழாய்கள் போனதால் இது சாத்தியமானது. பூச்சு முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டிருந்தால் சுவரைத் திரும்ப உடைத்திருக்க வேண்டும். படுக்கை அறைக்குத் தொடுதிரை இல்லாமல் பெரிய திருகு உள்ளதைத் தேர்ந்தெடுத்தது அம்மாவின் விரல்களுக்காக. கடையிலேயே கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எனக்கு வரும்" என்றார்.

வெளி வெப்பத்துக்கு ஏற்ப ரேடியேட்டர் தண்ணீரைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் உணரியை வடக்குச் சுவரில், சமையலறைப் புகை படாத இடத்தில் வைத்தோம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இங்கே மதியம் 20 டிகிரி, விடியலில் 3 என்று ஒரே நாளில் ஏறி இறங்கும். ஆனால் கனமான கல் சுவருக்கு அந்த மாற்றம் உள்ளே தெரியப் பல மணி நேரம் ஆகிறது. வெளி உணரி சொல்வதை உடனுக்குடன் கேட்டால் வீடு ஒருமுறை சூடு, ஒருமுறை குளிர் என்று தடுமாறும். அதனால் வெளி வெப்பம் மாறும்போது ரேடியேட்டர் தண்ணீரின் வெப்பம் மெதுவாகவே மாறும்படி அமைத்தோம். இரவில் முழுவதும் அணைக்காமல் 16 டிகிரியில் பிடித்து வைத்து, படுக்கை அறையை மட்டும் ஐந்து மணியிலிருந்து 18க்கு ஏற்றுகிறோம். வெந்நீர்த் தொட்டியையும் கூடத்துச் சுவர்களையும் மதியம் இரண்டிலிருந்து நான்குக்குள் சூடாக்குகிறோம்; காற்று வெதுவெதுப்பாக இருக்கும் அந்த நேரத்தில் ஹீட் பம்ப் ஒவ்வொரு யூனிட்டுக்கும் அதிக வெப்பம் தருகிறது. தொட்டி சாதாரணமாக 50 டிகிரி. தொட்டித் தண்ணீரில் வளரக்கூடிய லீஜியோனெல்லா கிருமியைக் கொல்ல வாரம் ஒருமுறை மின் ஹீட்டரால் 60ஐத் தாண்டும். குழாயில் குளிர்ந்த நீரைக் கலக்கும் வால்வு இருப்பதால் கை சுடாது.

மழைக்காலம் வேறு பிரச்சினை. உறைபனியைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஊட்டி வீட்டைக் கெடுப்பது ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான ஈரம். மகன் அறையின் அலமாரியைத் திறந்து காட்டினார்கள். தோல் செருப்பில் வெள்ளைப் பூஞ்சை, கோட்டின் காலரில் பச்சை, புத்தக முதுகுகள் பிசுபிசுப்பு. அந்த மாதங்களில் வெளியே 12 டிகிரி, ஈரப்பதம் 95 சதவீதம் என்பது சாதாரணம். அதே காற்றை 18 டிகிரிக்கு ஏற்றினால் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஆறு டிகிரி போதும். ஆனால் காலியான அறையில் தெர்மோஸ்டாட்டை 18ல் வைத்தால் ஈரம் இல்லாத ஜனவரியிலும் அது வீணாக ஓடும். எனவே அந்த மண்டலத்தை வெப்பத்துக்குப் பதில் ஈரப்பதத்தோடு இணைத்தோம். 75 சதவீதத்தைத் தாண்டினால் மட்டும் வால்வு திறக்கும், இறங்கியதும் மூடும். ஆள் வரும்போது ஒரு ஸ்விட்ச்சில் சாதாரண தெர்மோஸ்டாட்டுக்கு மாறிக்கொள்ளலாம். மலையில் பூட்டிக் கிடக்கும் விருந்தினர் அறைகளுக்கு இதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை.

கரண்ட் போகும் உறைபனி இரவுக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். வெளியே நிற்கும் இயந்திரத்தில் தண்ணீர் உறைந்தால் உள்ளே உள்ள தகடு கிழிந்துவிடும். தண்ணீர் உறைநிலையை நெருங்கும்போது மின்சாரம் இல்லாமலே திறந்து தண்ணீரை வெளியே விடும் இயந்திர வால்வுகளைக் குழாய் இரண்டிலும் போட்டோம். சுழற்சிப் பம்பை இன்வெர்ட்டரில் சேர்த்தோம். நேரக் கருவிகள் எல்லாம் உள் பேட்டரி உள்ளவை. கரண்ட் வந்ததும் நள்ளிரவு 12 என்று காட்டிக்கொண்டு நிற்கும் கருவி இந்த ஊருக்கு ஆகாது.

ஒரு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும் கடந்துவிட்டன. மகன் அறை அலமாரியில் பூஞ்சை இல்லை. விடியலில் படுக்கை அறை 18ல் நிற்கிறது, கூடத்தில் விறகு எரிந்தாலும் எரியாவிட்டாலும். மின் கட்டணம் உயர்ந்த படிக்குப் போவது குளிர்கால இரண்டு பில்களில்தான். முதல் சில வாரங்களில் சார் ஒவ்வொரு தெர்மோஸ்டாட்டையும் 25க்குத் திருப்பிவிட்டுப் பார்த்தார். எண்ணைக் கூட்டினால் வீடு சீக்கிரம் சூடாகும் என்ற நினைப்பு. கூட்டினாலும் அதே வேகத்தில்தான் சூடாகும், நிறுத்த மறந்தால் பணம்தான் போகும் என்று உட்கார்ந்து பேசிய பிறகு விட்டுவிட்டார். கருவியைப் பொருத்துகிறவர்கள் இந்தப் பேச்சுக்கு ஒரு மாலையை ஒதுக்க வேண்டும். பாதி வீடுகளில் நல்ல கட்டுப்பாடுகள் வீணாவது இங்கேதான்.

மேற்குப் பக்கப் படுக்கை அறை இன்னும் சரியாகவில்லை. தென்மேற்குப் பருவக் காற்றில் மழை நேராக அந்தச் சுவரில் அடிக்கிறது. நனைந்த கல் காய்ந்த கல்லைவிட வேகமாக வெப்பத்தை இழுக்கிறது. பழைய சிமெண்ட் பூச்சு ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்திருக்கிறது. அடுத்த கோடையில், ஏப்ரல் மே மாதங்களில், அதைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சு பூசுவதாக இருக்கிறோம். அது காய்ந்த பிறகுதான் அந்த அறையின் ரேடியேட்டரை மாற்றலாமா என்பதைப் பார்ப்போம்.